மீனும் மரக்கறியும் ஒரே தண்ணீரில்: அக்குவாபொனிக்ஸ் வந்த வழி



கீழே தொட்டியில் திலாப்பியா, மேலே கல் நிரப்பிய பெட்டியில் கங்குங்கும் தக்காளியும். மண் வேண்டாம், பசளை வேண்டாம். இந்தக் காணொளியை நம்மூர்க் குழுமங்களில் இந்த மாதம் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்ணி முடியாது. “சேர், இது யார் கண்டுபிடிச்சது? வீட்டில செய்தால் சரிவருமா?” என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவதுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்த ஆசை நமக்கு எப்போது வந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தது, ஆனால் அதற்குள் வயல் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு பட்டாயிற்று. அடுத்த வருடம் மரக்கறி விலையைக் கேட்டு வீட்டுக்கு வீடு மிளகாய்க் கன்று நட்டோம். பஞ்சம் வரும்போதுதான் மனிதன் மீனையும் செடியையும் சேர்த்து யோசிக்கிறான் போலும். வரலாற்றைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஆகப் பழைய சாட்சி சீனாவில். அங்கே ஹான் அரச காலத்துக் கல்லறைகளில் வயலும் மீனும் ஒன்றாக இருக்கும் களிமண் மாதிரிகள் கிடைத்திருக்கின்றன. தாங் காலத்து நூல் ஒன்று தெற்குச் சீன மலைப்பகுதியில் நடந்ததைச் சொல்கிறது. புதிதாக வெட்டிய நிலத்தில் மழைநீரைத் தேக்கி, புல் தின்னும் கெண்டைக் குஞ்சுகளை விடுவார்கள். ஓரிரு வருடத்தில் மீன் பெருத்துவிடும், களையும் வேரோடு போய்விடும். மீனை விற்றுவிட்டு அந்த நிலத்தில் நெல் விதைப்பார்கள். சீஜியாங் மாகாணத்தின் சிங்தியன் பகுதியில் நெல்லும் மீனும் சேர்ந்த விவசாயம் இன்றும் நடக்கிறது. 2005இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு அதை உலக விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றது. மழைக்குக் குளம் நிரம்பி வயலுக்குள் விராலும் பனையானும் ஏறி வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. வித்தியாசம் என்னவென்றால், நாம் வந்த மீனைப் பிடித்தோம், அவர்கள் மீனைக் கணக்குப் போட்டு விட்டார்கள்.

அடுத்த சாட்சி மெக்சிகோ. அஸ்டெக் மக்களின் தலைநகர் ஏரிக்கு நடுவே இருந்தது. சுற்றிலும் ஆழமில்லாத தண்ணீரில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கி நீளமான பாத்திகள் கட்டினார்கள். இவற்றுக்குச் சினாம்பா என்று பெயர். மிதக்கும் தோட்டம் என்று பலர் எழுதுகிறார்கள், உண்மையில் அவை மிதக்கவில்லை. ஓரங்களில் ஒருவகை வில்லோ மரத்தை நட்டு, அதன் வேரால் கரையைப் பிடித்து வைத்தார்கள். இடையிலுள்ள வாய்க்கால்களில் மீன் இருந்தது. வாய்க்காலின் அடிச்சேற்றை அள்ளிப் பாத்தியில் போடுவதுதான் பசளை. 1521இல் ஸ்பானியர்கள் அந்த நகரத்தை வீழ்த்தினார்கள். பின்னாளில் ஏரியின் பெரும்பகுதியையும் வற்றச் செய்தார்கள். ஆனாலும் சொச்சிமில்கோவில் மிச்சப் பாத்திகளில் இன்றும் பயிர் நடக்கிறது.

இந்த இரண்டிலும் மோட்டர் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் கழிவு எப்படிப் பசளையாகிறது என்பதை இவர்கள் கண்ணால் கண்டு அறிந்திருந்தார்கள். காரணம் தெரிந்தது 1877இல், பிரான்சில். ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் நகரத்துக் கழிவுநீரை மணல் நிரப்பிய குழாய் வழியாக மெதுவாக விட்டார்கள். சுமார் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. போன அமோனியா அப்படியே வந்தது. பிறகு நைத்திரேற்று வரத் தொடங்கியது. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுபோனது. ஆகவே இது வெறும் இரசாயன மாற்றம் அல்ல, மணலில் ஏதோ உயிர் இருக்கிறது என்றார்கள். 1890ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி அந்தப் பக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது செடிக்கு உணவு.

பாடப்புத்தக விசயம் என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். காணொளியில் காட்டாத பகுதி இதுதான். தொட்டி வாங்கிய அன்றே ஐம்பது குஞ்சு விட்டு, இரண்டாவது கிழமையில் எல்லாம் செத்து மிதக்க, “மீன் தந்தவன் ஏமாத்திட்டான்” என்று சொல்லும் வீடுகள் உண்டு. அந்த இருபது நாள் கணக்கு இன்றும் மாறவில்லை. கல்லில் பக்டீரியா குடியேற மூன்று முதல் ஐந்து கிழமை போகும். அதுவரை நாலைந்து மீனும் குறைந்த தீனும் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

தொட்டியும் குழாயும் கொண்ட இன்றைய வடிவம் பிந்தியது. 1969இல் அமெரிக்காவில் ஜோன் டொட், நான்சி ஜக் டொட், வில்லியம் மெக்லார்னி ஆகியோர் நியூ அல்கெமி நிறுவனத்தைத் தொடங்கி, கண்ணாடி வீட்டுக்குள் திலாப்பியாவும் காய்கறியும் வளர்த்துப் பார்த்தார்கள். 1980களில் வட கரோலினாவில் மார்க் மெக்மர்ட்ரி மீன் தண்ணீரை மணல் பாத்திக்குப் பாய்ச்சி, வடிந்ததைத் திரும்பத் தொட்டிக்கு எடுத்தார். அதே காலத்தில் கரீபியன் கடலில், நன்னீர் அரிதான செயின்ட் குரோய் தீவில், ஜேம்ஸ் ரகோசி மிதக்கும் பலகையில் செடி வைக்கும் முறையைப் பல வருடம் செய்து தேற்றினார். நாளொன்றுக்கு மொத்தத் தண்ணீரில் சுமார் ஒன்றரை வீதம் மட்டும் புதிதாகச் சேர்த்தால் போதும் என்ற அளவுக்கு அது சிக்கனமானது. திலாப்பியாவைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சூடான தண்ணீரையும் குறைந்த ஒட்சிசனையும் அது தாங்கும். ஆபிரிக்கத் திலாப்பியா 1950களிலேயே நம் குளங்களுக்கு வந்துவிட்டது என்பதால் குஞ்சுக்கு நமக்குப் பஞ்சமில்லை.

காஸாவிலும் இது நடந்தது. 2010களின் தொடக்கத்தில் உணவு விவசாய அமைப்பு, பெண்கள் தலைமையில் வாழும் குடும்பங்கள் சிலவற்றின் மொட்டை மாடிகளில் இதை அமைத்துக் கொடுத்தது. நிலமும் நல்ல தண்ணீரும் இல்லாத முற்றுகை வாழ்க்கையில் கீரையும் மீனும் கூரையிலேயே கிடைத்தன. ஆனால் மின்சாரமும் மீன் தீனும் முற்றுகைக்கு வெளியே இருந்துதானே வரவேண்டும்?

நமக்கும் அதே கேள்விதான். 2022 மார்ச் 31ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு. மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் மோட்டர் நின்றால் சில மணித்தியாலத்தில் மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும்.

தீன் கணக்கு இன்னும் முக்கியம். அந்த அமைப்பின் 2014ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு சதுர மீற்றர் கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீன் தேவை. தக்காளி, மிளகாய் என்றால் 50 முதல் 80 கிராம். கீரைக்கே மாதம் 1.2 முதல் 1.5 கிலோ. ஒன்றரைக் கிலோ தீனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் கிடைக்கும். கடையில் தீன் விலையைக் கேட்டு, அந்த மீனுக்கும் கீரைக்கும் சந்தையில் என்ன கொடுப்பீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். பசளை வேண்டாம் என்று சொல்கிறோமே, பசளை தீன் பையில்தான் வருகிறது. அந்தப் பையில் பெரும்பாலும் சோயாவும் கடலில் பிடித்த சிறுமீன் தூளும் இருக்கும்.

அப்படியென்றால் இது சேதனமா? அமெரிக்காவில் இதற்குச் சேதன முத்திரை கொடுக்கக்கூடாது என்ற பிரேரணை 2017இல் ஒரு வாக்கால் தோற்றது. ஐரோப்பிய ஒன்றியமோ மண்ணில் வளராததைச் சேதனம் என்று ஏற்பதில்லை. என்னைக் கேட்டால் முத்திரை நமக்கு முக்கியமில்லை. இலையில் மருந்தடித்தால் தொட்டியில் மீன் சாகும், அதனால் அடிக்கமாட்டோம். பிள்ளைக்கு மருந்தில்லாத கீரை கொடுக்க நினைக்கும் தாய்க்கு அது போதுமான உத்தரவாதம்.

முழு ஏற்பாட்டுக்குக் கடன் வாங்க நினைப்பவர்கள் முதலில் மெக்சிகோக்காரன் வழியைச் செய்து பாருங்கள். ஒரு சீமெந்துத் தொட்டியில் பத்துப் பதினைந்து திலாப்பியா. மீன் கொஞ்சமாக இருப்பதால் மோட்டர் தேவையில்லை. கிழமைக்கு இரண்டு தரம் அடித்தண்ணீரில் நாலைந்து வாளி அள்ளி மிளகாய்க்கும் வாழைக்கும் ஊற்றி, அந்த அளவு புதுத் தண்ணீர் விடுங்கள். சமையலறைக் கீரைக் கழிவைப் பொடியாக வெட்டிப் போட்டால் தீன் செலவு குறையும். காகத்துக்கு மேலே வலை. மீன் இருக்கும் தொட்டியில் நுளம்புக் குடம்பி தங்காது, ஆனால் பக்கத்தில் வைக்கும் வெறும் வாளியில் தங்கும், அதைக் கவிழ்த்து வையுங்கள்.

நம்மூரில் ஏற்கனவே செய்து பார்த்தவர்கள் இருந்தால், தீனுக்கும் கரண்டுக்கும் மாதம் எவ்வளவு போகிறது என்று கீழே எழுதுங்கள். கேட்டவர்களுக்கு உதவும், இன்ஷா அல்லாஹ்.