தடுப்பு இன்ஹேலர்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் குழந்தைகளின் ஆஸ்துமா

தடுப்பு இன்ஹேலர் என்பது ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழாய் அழற்சியைத் தணிக்க, இழுப்பு இல்லாத நாளிலும் தினமும் உறிஞ்ச வேண்டிய ஸ்டீராய்டு மருந்து. பெக்லோமெதசோன், புடெசொனைட், புளுட்டிகசோன் ஆகியவை இவ்வகையில் அதிகம் வழங்கப்படுகின்றன. திணறலைச் சில நிமிடங்களில் தளர்த்தும் நீல நிற சல்பியூட்டமால் இன்ஹேலர் வேறு. அது அழற்சியைத் தொடுவதில்லை. தடுப்பு மருந்தின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

பலர் அதைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் லாபு, லிங்கி, சுவா பெத்தோங், பஹாவ் வட்டாரங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்துவிட்டன. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் காலத்துப் பழக்கம் மட்டும் அவர்களோடு வந்திருக்கிறது: இழுப்பு வந்தால் மருந்து, நின்றால் நிறுத்து. அரசாங்க கிளினிக்கில் 'கேஸ்' (நெபுலைசர்) எடுத்துப் பிள்ளை தெளிந்ததும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தடுப்பு இன்ஹேலர் அலமாரிக்குப் போய்விடுகிறது. பெற்றோர் அலட்சியம் என்று இதைச் சொல்வது அநியாயம். கண்ணெதிரே வேலை செய்யும் மருந்தை நம்புவது இயல்பு. சத்தமில்லாமல் வேலை செய்யும் மருந்தை யாராவது பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும்.

'பிடித்தால் விடாது' என்ற பயமும் உண்டு. இம்மருந்துக்கு அடிமையாவது என்பது இல்லை. வளர்ச்சி பற்றிய கவலைக்கு மட்டும் ஓர் அடிப்படை இருக்கிறது. 5 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் தினமும் புடெசொனைட் கொடுத்த அமெரிக்க ஆய்வில், பெரியவர்களானபின் அவர்களின் உயரம் சராசரியாக 1.2 செ.மீ. குறைந்திருந்தது (2012). கட்டுக்கடங்காத ஆஸ்துமா பிள்ளையின் தூக்கத்தையும் பள்ளியையும், சில வேளை உயிரையும் பறிப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய விலை. மூன்று மாதம் நோய் அடங்கியிருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்ப்பார். பெற்றோர் தாமாக நிறுத்தக் கூடாது.

தோட்டத்துக் காலை ஆள்கணக்கான பெரட்டுக்கு விடியுமுன் கிளம்பும் வீட்டில் மருந்தைப் பல் துலக்குவதோடு சேர்த்துவிடுவது நல்ல வழி. குப்பியைக் குலுக்கி, ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கி உறிஞ்ச உதவும் குழலில்) பொருத்தி, ஒரு முறை மட்டும் அழுத்த வேண்டும். பிள்ளை ஐந்தாறு முறை அதன் வழியே நிதானமாக மூச்சை இழுத்து விட்டபின் அடுத்த அழுத்தல். சிறு குழந்தைக்கு முகமூடி மூக்கையும் வாயையும் இடுக்கில்லாமல் மூட வேண்டும். அழும் குழந்தைக்கு மருந்து நுரையீரலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. பிறகு பல் துலக்கி வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் பூஞ்சைப் புண் வரும் வாய்ப்புக் குறையும். ஸ்பேசர் வாங்க வழியில்லாவிட்டால் 500 மி.லி. பிளாஸ்டிக் போத்தலைத் துளையிட்டுச் செய்வதும் பலன் தரும் என்று தென்னாப்பிரிக்க மருத்துவர் ஹீதர் ஸார் குழுவினர் 1999இல் காட்டினர். 200 அழுத்தல் கொண்ட குப்பி, நாளுக்கு 4 வீதம், 50 நாளில் தீரும். தொடங்கிய தேதியைக் குப்பியிலேயே எழுதி வைக்கலாம்.

தூண்டும் காரணிகள் வீட்டிலேயே நிறைய: சிகரெட், கொசுவர்த்தி, தூசிப்பூச்சி, தலைக்குக் குளிப்பாட்டிய பிள்ளைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகை. சாமிக்கு ஏற்றும் ஊதுபத்தியை வாசலில் ஏற்றச் சொன்னால் பாட்டிமார் மனம் கோணுவதில்லை, காரணம் சொன்னால் போதும். வெளியிலிருந்து சூழும் புகைமூட்டம் நம் கையில் இல்லை. 2015இல் அது நெகிரி செம்பிலான் பள்ளிகளையும் மூட வைத்தது. அத்தகைய வாரங்களில் தடுப்பு மருந்து ஒரு வேளையும் தவறக் கூடாது.

நீல மருந்தின் பலன் 4 மணி நேரம்கூட நிற்காவிட்டால், பிள்ளை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஸ்பேசர் வழியே நீல மருந்தைக் கொடுத்துக்கொண்டே சிரம்பான் துவாங்கு ஜாஃபார், கோலப்பிலா, போர்ட்டிக்சன் எனப் பக்கத்தில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.