ஆங்கில நிதிச் செய்திச் சொற்களின் வரலாறு

ஆங்கில நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் பேங்க், ஸ்டாக், புல், பேர், பபிள், பட்ஜெட், இன்ஃப்ளேஷன் முதலிய சொற்கள் நாள்தோறும் இடம்பெறுகின்றன. இவற்றில் பலவற்றைப் பொருளியல் அறிஞர்கள் உருவாக்கவில்லை. நாணயம் மாற்றியவரின் பலகை, கருவூலத்தின் மரக்குச்சி, கரடித்தோல், தோல்பை போன்ற எளிய பொருள்களே இவற்றின் பிறப்பிடம். அகராதி தரும் பொருளை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இச்சொற்கள் எளிதில் மறந்துபோகும். சொல்லுக்குப் பின்னால் உள்ள பொருளையும் நிகழ்வையும் அறிந்தவருக்குச் செய்தியின் கருத்து விரைவில் விளங்கும்.

பேங்க், பேங்க்ரப்ட்

இடைக்கால இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றுவோர் சந்தையில் ஒரு பலகையை இட்டு அதன்மேல் தொழில் நடத்தினர். பலகையைக் குறித்த 'பாங்கா' என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்து 'பேங்க்' பிறந்தது. கடனைத் தீர்க்க முடியாத வணிகரின் நிலை 'பாங்கா ரோத்தா', அதாவது முறிந்த பலகை எனப்பட்டது. இதுவே ஆங்கிலத்தில் 'பேங்க்ரப்ட்' ஆயிற்று. தமிழில் இந்நிலையை 'நொடித்துப் போனார்' என்றும், பேச்சு வழக்கில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்றும் கூறுவர்.

இங்கிலாந்தில் நொடிப்பு பற்றிய முதல் சட்டம் 1542இல் எட்டாம் ஹென்றி காலத்தில் இயற்றப்பட்டது. அச்சட்டம் கடனாளியைக் குற்றவாளியாகவே கருதியது. இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியிலிருந்து வந்த வணிகர்களின் நினைவாக இலண்டனில் லொம்பார்டு தெரு இன்றும் உள்ளது. 1694இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்து வங்கி, பிரான்சுடன் போரிட்டுக்கொண்டிருந்த அரசுக்கு 12 இலட்சம் பவுண்டு கடன் அளித்தது.

ஸ்டாக்

இங்கிலாந்தின் கருவூலம் 12ஆம் நூற்றாண்டு முதல் வரவுக் கணக்கை மரக்குச்சிகளில் குறித்துவந்தது. தொகைக்கு ஏற்ப வெட்டுத் தழும்பின் அகலம் மாறும். 1000 பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், 100 பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், 20 பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம், 1 பவுண்டுக்குப் பார்லி மணியின் அகலம் என வெட்டுவர். பின்னர் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பர். நீளமான பாதி பணம் கொடுத்தவரிடம் இருக்கும். அதன் பெயர் 'ஸ்டாக்'. குட்டையான பாதி பணம் பெற்றவரிடம் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் கணக்கு செல்லும் என்பதால் எவரும் ஏமாற்ற முடியாது.

நிதித் துறையில் 'ஸ்டாக்' என்னும் சொல் வழங்குவதற்கு இக்குச்சியும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. 1826இல் இம்முறை கைவிடப்பட்டது. மிஞ்சிய பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவையின் அடுப்புகளில் இட்டு எரித்தபோது தீ பரவி, நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி அழிந்தது.

புல், பேர்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனின் பங்கு வணிகம் காப்பிக் கடைகளில் நடைபெற்றது. அவற்றுள் ஜோனதன் காப்பிக் கடை புகழ்பெற்றது. அங்கு 1698இல் ஜான் காஸ்டேயிங் என்பவர் பங்குகள், நாணயங்கள் ஆகியவற்றின் விலைப்பட்டியலை அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். இன்றைய சந்தைச் செய்திப் பக்கத்தின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

'கரடியைப் பிடிக்குமுன் அதன் தோலை விற்காதே' என்பது பழமொழி. தன்னிடம் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்று, விலை இறங்கியபின் வாங்கிக் கொடுத்து இலாபம் பார்ப்பவரை இப்பழமொழியைக் கொண்டு 'கரடித்தோல் வணிகர்' என்றனர். அது சுருங்கி 'பேர்', அதாவது கரடி ஆயிற்று. விலை ஏறும் என நம்பி வாங்குபவருக்கு எதிர்ச்சொல்லாகக் காளையைக் குறிக்கும் 'புல்' வழங்கலாயிற்று. காளை கொம்பால் மேலே தூக்கும், கரடி கையால் கீழே அடிக்கும் என்னும் விளக்கம் நினைவில் வைக்க உதவும். ஆனால் சொல்லின் பிறப்பு கரடித்தோலில்தான் உள்ளது.

பபிள்

தென்கடல் நிறுவனம் 1711இல் தொடங்கப்பட்டது. அரசின் கடனைத் தன் பங்குகளாக மாற்றிக்கொள்வது அதன் முக்கிய வேலையாக இருந்தது. 1720 ஜனவரியில் சுமார் 128 பவுண்டாக இருந்த பங்கின் விலை, கோடையில் சுமார் 1000 பவுண்டை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் 200 பவுண்டுக்கும் கீழே வீழ்ந்தது. நிறுவனம் உண்மையில் எவ்வாறு பணம் ஈட்டுகிறது என்பதை அறியாமல் வாங்கியவர்கள் பெரும் பணத்தை இழந்தனர். அறிவியலறிஞர் ஐசக் நியூட்டனும் இழந்தவர்களுள் ஒருவர்.

நீர்க்குமிழியைக் குறிக்கும் 'பபிள்' அக்காலத்தில் ஏமாற்று வேலையையும் குறித்தது. இந்நிகழ்வுக்குப் பின் அச்சொல் நிதிச் செய்தியில் நிலைபெற்றது. அடிப்படை மதிப்புக்குத் தொடர்பின்றி விலை பெருகுவதை இன்றும் அது குறிக்கிறது.

பட்ஜெட்

சிறு தோல்பையைக் குறிக்கும் 'பூஜெத்' என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லே 'பட்ஜெட்' ஆனது. தென்கடல் வீழ்ச்சிக்குப் பின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த ராபர்ட் வால்போல், 1733இல் மது, புகையிலை ஆகியவற்றின்மீது ஆயத்தீர்வை விதிக்கத் திட்டமிட்டார். அவரைத் தன் மருந்துப் பையைத் திறக்கும் போலி மருத்துவராகக் கேலி செய்து ஒரு துண்டு வெளியீடு வந்தது. அதன் தலைப்பு 'பட்ஜெட் திறக்கப்பட்டது' என்னும் பொருளுடையது. எதிர்ப்பு வலுத்ததால் வால்போல் திட்டத்தைக் கைவிட்டார். கேலியாக வந்த சொல் மட்டும் அரசின் வரவு செலவுத் திட்டத்திற்குப் பெயராக நிலைத்துவிட்டது.

இந்தியாவில் இச்சொல் வரியோடு சேர்ந்தே வந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் பிரித்தானிய இந்திய அரசு நிதி நெருக்கடியில் இருந்தது. அதைச் சீர்செய்ய ஜேம்ஸ் வில்சன் அனுப்பப்பட்டார். 1843இல் 'எக்கனாமிஸ்ட்' என்னும் வணிகச் செய்தி இதழைத் தொடங்கியவர் இவரே. 1860இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பட்ஜெட்டை முன்வைத்த இவர், வருமான வரியையும் அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவிலேயே இறந்தார்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பர் 26 அன்று அளித்தார். 2019 ஜூலை 5 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வழக்கமான கைப்பெட்டிக்கு மாற்றாகச் சிவப்புத் துணி சுற்றிய கணக்கேட்டை ஏந்திவந்தார்.

கேஷ்

'கேஷ்' என்னும் சொல் தமிழின் 'காசு' என்பதிலிருந்து வந்ததாகப் பலர் கூறுவர். உண்மையில் ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் சொல், பணப்பெட்டி எனப் பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. தென்னிந்தியாவின் சிறு நாணயத்தைக் குறித்த மற்றொரு சொல்லே போர்த்துக்கீசியம் வழியாகச் சென்ற நம் 'காசு' ஆகும். சென்னையில் கிழக்கிந்திய நிறுவனத்தின் பழைய நாணய முறையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். இன்றைய செய்திகளில் வருவது பெரும்பாலும் முதல் சொல்லே.

கற்போர் கவனிக்க வேண்டியவை

சொல்லின் பிறப்பை அறிவது சில பொதுவான பிழைகளைத் தவிர்க்க உதவும்.

'ஸ்டாக்' என்பது அமெரிக்கச் செய்தியில் நிறுவனப் பங்கைக் குறிக்கும். பிரித்தானிய வழக்கில் 'அரசு ஸ்டாக்' என்பது அரசின் கடன் பத்திரம். கடன் கொடுத்தவர் கையில் இருந்த பாதிக் குச்சியை நினைவுகொண்டால் இப்பொருள் வியப்பளிக்காது. கடைக்காரரின் 'ஸ்டாக்' இவ்விரண்டும் அல்ல. அது கையிருப்புச் சரக்கு.

'டிவிடெண்ட்' என்பதற்கு இலத்தீனில் 'பகுக்க வேண்டியது' என்று பொருள். நிறுவனம் தன் இலாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் தொகை அது. பங்கை விற்றுப் பெறும் இலாபம் இதில் சேராது.

'இன்ஃப்ளேஷன்' என்பது ஊதிப் பெருக்குவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் இதைப் பணவீக்கம் என்கிறோம். 'இன்ஃப்ளேஷன் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தது' என்னும் செய்தியைப் படிப்பவர், பொருள்களின் விலை குறைந்துவிட்டதாக எண்ணக்கூடாது. வீக்கம் வடியவில்லை, வீங்கும் வேகம் மட்டுமே குறைந்துள்ளது. சென்ற ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள்களுக்கு இந்த ஆண்டு சுமார் 104 ரூபாய் தர வேண்டும் என்பதே அச்செய்தியின் பொருள். ஊதியம் 3 விழுக்காடு மட்டும் உயர்ந்தவருக்கு அந்த ஆண்டு இழப்பு ஆண்டே ஆகும்.