ஒற்றை நுரையீரலும் முப்பது ஆண்டுகளும்



போர்க்கள வெற்றிகளைச் சரித்திரப் புத்தகங்களில் நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். இன்று நான் சொல்லப்போவது அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் கிட்டிய ஒரு வெற்றியையும் அதன் எல்லையையும் பற்றியது.

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி. அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் மருத்துவமனை. மேசைமேல் படுத்திருந்தவர் தாமும் ஒரு மருத்துவரே. இடது நுரையீரலில் புற்றுநோய். கத்தி ஏந்தி நின்றவர் டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம். நுரையீரலின் ஒரு மடலை மட்டும் நீக்குவதே அவர் எண்ணம். மார்பைத் திறந்தபோதோ, கட்டி பெரிய மூச்சுக்குழலை நெருங்கியிருக்கக் கண்டார். மடலை மட்டும் எடுத்தால் நோய் எஞ்சும். முழு நுரையீரலையும் எடுத்தால்? புற்றுநோய்க்காக அவ்வாறு ஒரே அமர்வில் எடுக்கப்பட்டவர் எவரும் அதுவரை பிழைத்ததில்லை. கிரஹாம் துணிந்தார், நோயாளி பிழைத்தார். பிழைத்தது மட்டுமன்று, ஒற்றை நுரையீரலுடன் சுமார் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆயினும், எல்லோருக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. வயலில் கோரையை மேலே அறுத்தெறிந்தால் போதுமா? மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறதே! நோய் நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர் முடிச்சுகளை எட்டிவிட்டால், கண்ணுக்குத் தெரிவதைக் கத்தி அகற்றும். உடலில் பரவிப்போன நுண்ணிய அணுக்களை அது காணாது. அத்தகையோர் பலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியது.

கிரஹாமின் வாழ்வே இதற்குச் சான்றாயிற்று. 1950-இல் வைண்டர் என்ற இளைஞருடன் சேர்ந்து 684 நோயாளிகளை ஆராய்ந்து, புகையிலைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை வெளியிட்டார். பல்லாண்டு புகைத்துவந்த அவர் அப்பழக்கத்தைக் கைவிட்டார். காலம் கடந்துவிட்டது. 1957-இல் அவருடைய இரு நுரையீரல்களிலும் புற்றுநோய் பரவியிருந்தது தெரிந்தது. எந்தக் கத்தியை அவர் உலகுக்குக் கற்றுத்தந்தாரோ, அந்தக் கத்தி அவருக்கு உதவவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் அவர் மறைந்தார். அவர் காப்பாற்றிய நோயாளியோ அதன் பின்னும் வாழ்ந்திருந்தார்!

பின்வந்தோர் கத்திக்குத் துணை தேடினர். 1994-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள், நோய் முற்றிய மூன்றாம் கட்டத்தினர் 60 பேரை ஆராய்ந்தனர். அறுவை மட்டும் பெற்றவருள் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 8 மாதம். முன்னதாக மருந்தும் பெற்றவருக்கு அது 26 மாதம். 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 358 பேர் இடம்பெற்றனர். பெரும்பான்மையோர் மூன்றாம் கட்டத்தினர். அறுவைக்கு முன் புற்றுநோய் மருந்தோடு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தும் பெற்றவருள் நூற்றுக்கு 24 பேருக்கு, வெட்டியெடுத்த பகுதிகளில் உயிருள்ள புற்றணு எஞ்சவில்லை. புற்றுநோய் மருந்து மட்டும் பெற்றவருள் அந்நிலை எய்தியவர் நூற்றுக்குச் சுமார் இருவரே.

துணிவு வழியைத் திறந்தது. துணை சேர்ந்தபோதுதான் அவ்வழி நீண்டது. ஆனால் நண்பர்களே, எந்த மருந்தினும் எளியது ஒன்றுண்டு. அதுதான் புகையிலையைத் தொடாதிருத்தல். கிரஹாம் தாமதமாகக் கற்ற அப்பாடத்தை நீங்கள் இளமையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.