தமிழ்நாட்டில் பொது மருந்து வழங்கல்

அரசு நிதியில் மக்களுக்கு மருந்தை இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்கச் செய்வது பொது மருந்து வழங்கல் ஆகும். தமிழ்நாட்டில் இது அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகவும், மலிவு விலை மருந்தகங்கள் வழியாகவும் நடைபெறுகிறது.

வரலாறு

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் நிறுவப்பட்டு, 1995 சனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரியதால் விலை குறைந்தது. வாங்கிய மருந்துகள் தரச்சோதனைக்குப் பின் மாவட்டக் கிடங்குகளிலிருந்து வழங்கப்பட்டன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு பாஸ்புக் உண்டு. அதில் ஒதுக்கப்பட்ட தொகைக்குள் வேண்டிய மருந்தைப் பெறலாம். ஆகவே ஒதுக்கீடு குறைந்தால், மாத்திரை வழங்கும் சன்னலில் அது உடனே தெரிந்துவிடும்.

மலிவு விலைக் கடைகள் பின்னர் வந்தன. நடுவண் அரசின் மக்கள் மருந்தகத் திட்டம் 2008-இலும், கூட்டுறவுத் துறையின் அம்மா மருந்தகங்கள் 2014-இலும் தொடங்கின. 2025 பிப்ரவரி 24 அன்று 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன.

யாருக்கு இழப்பு?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பையை எடுத்துக்கொள்வோம். அருகிலேயே ஒரகடம் தொழிற்பேட்டை. சுற்றிலும் சிற்றூர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் வெளிமாநிலத்தவரும் முதியோரும் கலந்து வாழும் பகுதி இது. இத்தகைய ஊரில் ஒரு மருந்து இருப்பில் இல்லையென்றால், வசதியுள்ளவர் தனியார் கடையில் வாங்கிக்கொள்வார். தினக்கூலிக்காரருக்கோ மறுபடி வர ஒருநாள் கூலி போகும். தாம்பரம் சென்றால் பேருந்துக் கட்டணமும் சேரும். இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குவதும், நாள் விட்டு நாள் போடுவதும் இப்படித்தான் தொடங்குகின்றன. அதன் முடிவு பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ இருக்கலாம். அப்போது அரசுக்கும் செலவு பன்மடங்காகும்.

2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்களே நேரடியாகச் செலுத்தினர். இதில் மருந்துக்கான பங்கு பெரியது.

இங்கிலாந்தின் பாடம்

இங்கிலாந்தில் ஊர் மருந்தகங்களுக்கான அரசு நிதி 2015-16-இல் 280 கோடி பவுண்டாக இருந்தது. 2017-18-இல் அது 259.2 கோடியாகக் குறைக்கப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் பல கடைகள் மூடப்பட்டன. வறிய பகுதிகளிலேயே இழப்பு அதிகம். அங்கு மருந்தாளுநர் மாத்திரை கொடுப்பவர் மட்டுமல்லர். முன்பதிவின்றி ஆலோசனை கேட்கக்கூடியவரும் அவரே. கடை மூடியபோது அந்த உதவியும் போயிற்று.

எதிர்த்திசையில் ஒரு முயற்சி

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிற்கே கொண்டு செல்கிறது. நடக்க இயலாதவர்களுக்கு இது பெருந்துணை. ஆனால் வீடு தேடி வருபவரின் பையும் நிரம்பியிருக்க வேண்டும். மருந்துக்கான நிதி என்பது மாத்திரையின் விலை மட்டுமன்று. கிடங்கு, வண்டி, மருந்தாளுநர் ஊதியம் அனைத்தும் அதில் அடங்கும். இவற்றில் எதைக் குறைத்தாலும் அந்தச் சுமை நோயாளியின் மடிக்கே வந்து சேரும்.