மார்பகப் புற்றுநோயும் மரபணு மதிப்பெண்ணும் - ஒரு சின்ன வரலாறு

ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வருமா, வராதா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். அந்தக் கணக்குக்கு 35 வருடத்துக்கு மேல் வயதாகிறது. அதன் கதையைப் படித்துக்கொண்டே வந்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். யாரை வைத்துக் கணக்குப் போட்டார்களோ, அவர்களுக்குத்தான் விடை நன்றாக வருகிறது!

முதலில் 1989-க்குப் போவோம். மிட்செல் கெயில் என்பவர் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் புள்ளியியல் நிபுணர். பெண்ணின் வயது, பூப்பெய்திய வயது, முதல் குழந்தை பிறந்த வயது, முன்பு மார்பகத்தில் பயாப்சி செய்ததுண்டா, அம்மாவுக்கோ சகோதரிக்கோ மகளுக்கோ இந்த நோய் வந்ததா... இவற்றைக் கேட்டு ஆபத்தைக் கணக்கிடும் முறை ஒன்றை அவர் குழு வெளியிட்டது. 'கெயில் மாடல்' என்று அதற்குப் பெயர். அதற்கான தரவு 1970-களில் நடந்த ஒரு பெரிய பரிசோதனைத் திட்டத்தில் கலந்துகொண்ட வெள்ளையினப் பெண்களிடமிருந்து வந்தது.

கறுப்பினப் பெண்களின் தரவை வைத்தே அவர்களுக்கென்று ஒரு கணக்கு வர 2007 ஆகிவிட்டது. அதையும் கெயில்தான் தலைமையேற்றுச் செய்தார். 45 வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோருக்குப் பழைய கணக்கு ஆபத்தைக் குறைத்தே காட்டி வந்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது. நடுவில் போனது 18 வருடம்.

இனி மரபணுவுக்கு வருவோம். 1990-ல் மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பேராசிரியை, குடும்பவழியில் வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-ல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் பி.ஆர்.சி.ஏ.1. இதிலோ, இதன் ஜோடியான பி.ஆர்.சி.ஏ.2-விலோ கோளாறு இருந்தால் ஆபத்து மிக அதிகம். ஆனால் மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் இந்தக் கோளாறு இருக்கிறது. மீதிப் பேருக்கு?

2007-ல் கேம்பிரிட்ஜின் டக்ளஸ் ஈஸ்டன் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நோயோடு தொடர்புடைய ஐந்து புதிய இடங்கள் டி.என்.ஏ.வில் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சூண்டுதான் கூட்டும். பிறகு பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து தேடியதில் இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் தேறின. தனித்தனியே பார்த்தால் சில்லறைக் காசு. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு தொகை வருமல்லவா? அந்தக் கூட்டுத்தொகைதான் மரபணு மதிப்பெண்.

2019-ல் கேம்பிரிட்ஜின் நசீம் மவத்தாத் குழு 313 இடங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் வெளியிட்டது. அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? நோய் வந்த ஒருவர், வராத ஒருவர் என்று ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். நோய் வந்தவருக்கு அதிக மதிப்பெண் இருந்தால் கணிப்பு சரி. காசு சுண்டிப் போட்டாலே 100 ஜோடியில் 50 சரியாக வரும். ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களிடம் இந்த மதிப்பெண் 63 ஜோடிகளில் சரியாகச் சொன்னது. அதே மதிப்பெண்ணை ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் சோதித்து 2021-ல் வந்த ஆய்வில் அது 57 ஆகிவிட்டது.

ஏன் இப்படி? அந்த 313 இடங்களில் பலவும் நோய்க்கு நேரடிக் காரணமல்ல. காரணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளங்கள். "டீக்கடைக்கு அடுத்த வீடு" என்று வழி சொல்கிற மாதிரி. அதே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊரில் வீடு தேட முடியுமா? அங்கே டீக்கடை வேறு தெருவில் இருக்கும். ஆப்பிரிக்க மக்கள்தொகை மிகப் பழமையானது. அதிகத் தலைமுறைகளாக டி.என்.ஏ. கலைந்து கலைந்து வந்ததால், அடையாளமும் காரணமும் அங்கே பிரிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆய்வுகளில் சேர்க்கப்பட்டது யார் என்பது இன்னொரு காரணம். 2019-ல் அலிசியா மார்ட்டின் குழு எழுதிய கட்டுரையின்படி, இத்தகைய மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். உலக மக்கள்தொகையில் அவர்கள் பங்கு சுமார் 16 சதவீதம்தான். 2017-ல் அமெரிக்காவில் மிரியட் நிறுவனம் இப்படியொரு மதிப்பெண்ணை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களுக்கு மட்டும்தான் கொடுத்தது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. இறக்கும் விகிதமோ சுமார் 40 சதவீதம் அதிகம். உதவி அதிகம் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் இந்தக் கருவி குறைவாக உதவுகிறது.

நம்மவர்கள் இதில் எங்கே? 2020-ல் வந்த ஓர் ஆய்வு ஐரோப்பிய மதிப்பெண்ணை ஆசியப் பெண்களிடம் சோதித்தது. மலேசியா, சிங்கப்பூரைச் சேர்ந்த சீன, மலாய், இந்தியப் பெண்களும் அதில் உண்டு. அங்குள்ள இந்தியர்களில் பெரும்பான்மை தமிழர்கள்தான். மதிப்பெண் சுமார் 61 ஜோடிகளில் சரியாகச் சொன்னது. மூன்று இனங்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தென்படவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அதில் இந்தியப் பெண்களின் எண்ணிக்கை சீனப் பெண்களைவிட மிகக் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது.

2024-ல் இந்தக் கதையில் ஒரு திருப்பம். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் 40,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு வெளியானது. அவர்களின் தரவையும் சேர்த்துச் செய்த மதிப்பெண் 60 ஜோடிகளில் சரியாகச் சொன்னது. ஐரோப்பியத் தரவிலிருந்து மட்டும் செய்த மதிப்பெண்ணைவிட அது மேல். குறை அந்தப் பெண்களின் உடம்பில் இல்லை, அவர்களைச் சேர்க்காத கணக்கில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாளை நம் ஊர் லேப்களிலும் இத்தகைய மதிப்பெண்ணை விற்க வருவார்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால், "எங்களைப் போன்ற எத்தனை பெண்களிடம் இதைச் சோதித்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். மதிப்பெண் குறைவாக வந்தாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு எந்த ஸ்கோரும் மாற்று கிடையாது.