இடுப்பு எலும்பு முறிவு: ‘ஹை ரிஸ்க்’ அறுவை சிகிச்சைக்குக் குடும்பத்தினர் ஆயத்தமாதல்

முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்த பின் எழுந்து நிற்க இயலாமல், அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகவும் வெளிப்புறம் திரும்பியும் காணப்பட்டால், தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்திருக்கக்கூடும். இதனையே இடுப்பு எலும்பு முறிவு என்கிறோம். அவரை நிற்க வைத்துப் பார்க்காதீர்கள். ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்து அழைத்து வரவும் வேண்டாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். எண்ணூர், திருவொற்றியூர் பகுதியினர் கண்டெய்னர் லாரி நெரிசலைக் கடந்து வர வேண்டியிருப்பதால், விடியட்டும் எனக் காத்திராமல் உடனே புறப்படுவது நல்லது. மூத்தோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று குறிப்பிடும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இதற்கான எலும்பு மருத்துவப் பிரிவு உள்ளது. புத்தூர் கட்டு போன்ற வெளிக்கட்டுகளால் இந்த இடத்து முறிவை அசையாமல் பிடித்து நிறுத்த இயலாது. அதில் கழியும் நாட்கள் நோயாளிக்கு இழப்பே.

‘ஹை ரிஸ்க்’ என்பதன் பொருள்

ஒப்புதல் படிவத்தில் இச்சொல்லைக் கேட்டதும் நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்ல முற்படும் குடும்பங்கள் பல. “இந்த வயதில் கத்தி வைக்க வேண்டுமா?” என்ற கேள்வி அன்பினால் எழுவதுதான். ஆனால் அறுவை சிகிச்சை செய்யாதிருப்பது ஆபத்தில்லாத வழி அன்று. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு நிமோனியா, கால் சிரைகளில் இரத்த உறைவு, படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். புரட்டும்போதெல்லாம் வலியும் இருக்கும். ஆகவே இரு ஆபத்துகளில் எது குறைவு என்பதே கேள்வி. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையே குறைந்த ஆபத்து. மிக முற்றிய நோயினால் இறுதிக்கட்டத்தில் இருப்பவருக்கு வலி நீக்கும் சிகிச்சை மட்டுமே பொருத்தமாக இருக்கலாம். அதனை மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள்.

உடல்நிலை இடங்கொடுத்தால் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்வது விரும்பத்தக்கது. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 6 மணி நேரத்தில் அறுவை சிகிச்சை பெற்றோருக்கும் சுமார் 24 மணி நேரத்தில் பெற்றோருக்கும் இடையே இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. முன்னவர்களிடம் மனக்குழப்பம் குறைவாக இருந்தது. எனவே இதயத்தையோ இரத்தச் சர்க்கரையையோ சீர்செய்ய மருத்துவர் ஒரு நாள் கேட்டால் பதற்றம் வேண்டாம்.

மயக்க மருந்து நிபுணரிடம் சொல்ல வேண்டியவை

உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு கொண்டு வாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட், வலிப்பு, ஒவ்வாமை, பழைய எக்கோ அறிக்கை இருப்பின் அவற்றையும் தெரிவியுங்கள். துறைமுகத்திலோ ஆலையிலோ தூசியிலும் புகையிலும் பல்லாண்டு உழைத்தவராயின் அதனையும், பீடி, மதுப் பழக்கத்தையும் மறைக்காமல் கூறுங்கள். குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது ஏற்படும் நடுக்கமும் பிதற்றலும் அறுவை சிகிச்சைக்குப் பின் பெருந்தொல்லை தரும். குடும்ப மானம் கருதி இதை மறைப்பவர்களே அதிகம்.

கையொப்பமிடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இவருக்கு உள்ள முதன்மையான ஆபத்து எது? எவ்வகை மயக்க மருந்து? எப்போது எழுந்து நிற்க வைப்பீர்கள்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றை ஒருவர் பொறுப்பில் வையுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின்

இரவில் இடம் தெரியாமல் பேசுதல், ஊசிக் குழாயைப் பிடுங்குதல் ஆகியவை பைத்தியம் அல்ல; பெரும்பாலும் தற்காலிகக் குழப்பநிலையே. செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அணிவியுங்கள். பழகிய குரலில் நாளையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டிருங்கள். மருத்துவர் அனுமதித்தால் மறுநாளே நிற்க வைப்பார்கள். வலிக்கிறதே என்று இரங்கித் தடுக்காதீர்கள்.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது கழிவறை. குந்தி அமரும் கழிவறை உகந்ததன்று. கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள். மாடிக் குடியிருப்பாயின் சில வாரங்கள் கீழ்த்தளத்தில் உறவினர் வீடு கிடைக்குமா என்று இப்போதே விசாரியுங்கள். 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழி வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி பெற, அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

வீடு திரும்பிய பின் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, புண்ணில் சீழ் வடிந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள்.