மலைச்சரிவு மனைகளும் மண்ணின் வெம்மையும்

வெம்மை மிக்க பொருளிலிருந்து வெம்மை குறைந்த பொருளுக்கே வெப்பம் தானாகச் செல்லும் என்பது இயற்கை நியதி. அதனை எதிர்த்திசையிற் செலுத்த வேண்டின், வேலை செய்தல் வேண்டும். பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன், குளிர்ந்த புறவெளியிலிருந்தும் வெப்பத்தை வாங்கி இல்லத்தைச் சூடாக்கலாம் என்பதை 1852 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். சில ஆண்டுகளுள், ஒஸ்திரிய நாட்டு ரிற்றிங்கர் என்பார் எபென்சே உப்பாலையில் உப்புநீரைக் காய்ச்சுதற்கு இத்தகைய பொறியொன்றை அமைத்தார். வெப்பப்பம்பியின் வரலாறு இவ்வாறு தொடங்கிற்று.

நிலத்தினின்றும் வெப்பம் பெறும் முறைக்கு 1912 இல் உரிமைப்பத்திரம் பெற்றவர் சுவிற்சலாந்துப் பொறியியலாளர் சோலி ஆவர். அந்நாடு நிலக்கரிக்குப் பிறநாடுகளை எதிர்பார்த்திருந்தது. ஆயின், மலையாறுகள் தரும் மின்வலு அதற்கு வாய்த்திருந்தது. ஆதலின், 1938 இல் சூரிச் நகரமண்டபம் லிமற் ஆற்றுநீரின் வெப்பத்தைக்கொண்டு சூடாக்கப்பட்டது. 1973 இல் எண்ணெய் விலை உயரவே, மக்கள் நோக்கு மீண்டும் மண்ணை நாடிற்று.

சமநிலத்தில் ஓரிரு மீற்றர் ஆழத்தில் நீண்ட அகழிகள் வெட்டிக் குழாய் பதிக்கலாம். செங்குத்தான சரிவில் அது பொருந்தாது. அகழி சரிவின் பிடிமானத்தைக் குலைக்கும். மழைநீர் அதனுட் புகின் மண்சரிவு நேரலாம். ஆகவே, 1980 அளவில் நிலைக்குத்தான ஆழ்துளை முறை அங்குப் பரவலாயிற்று. துளையிடும் பொறி நிற்றற்குச் சிறு மேடை போதும். ஏறக்குறைய 15 மீற்றருக்குக் கீழே பருவ மாற்றம் எட்டுவதில்லை. அதன்பின் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் வெப்பநிலை உயரும். நன்கமைந்த பொறி ஒரு பங்கு மின்வலுவைச் செலவிட்டு, நிலத்தினின்றும் மூன்று பங்கு வெப்பத்தை ஈர்த்து, நான்கு பங்காக இல்லத்திற்கு அளிக்கும்.

இவ்வாறு ஈர்த்தால் நிலம் குளிர்ந்துவிடாதோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. எல்க் என்னும் ஊரில் 1986 இல் அமைந்த 105 மீற்றர் ஆழத் துளை இதற்கு விடை தந்தது. முதற் சில ஆண்டுகளில் அயல்நிலத்தின் வெப்பநிலை சிறிது தாழ்ந்து, பின்னர் நிலைபெற்றமை அளந்தறியப்பட்டது.

எனினும், மண்ணின் இயல்பறியாது துளையிடல் கேடு விளைக்கும். யேர்மனியின் கருங்காட்டு அடிவாரத்துச் சிறுநகரான சுரௌபெனில், நகரமண்டபத்திற்காக 2007 இல் ஏழு துளைகள் 140 மீற்றர் வரை இடப்பட்டன. நிலத்தடி நீர் நீரற்ற கல்சியஞ்சல்பேற்றுப் படையிற் புகுந்தது. அது ஜிப்சமாக மாறிப் பருத்தது. நிலம் மேலெழுந்தது, 200 க்கு மேற்பட்ட கட்டடங்கள் வெடித்தன. துளைக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட வெளியைக் களிமண்ணும் சீமெந்துங் கலந்த சாந்தால் இறுக அடைத்து, படைக்குப் படை நீர் செல்லாது காத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பொறியின் திறன் கணக்கினால் அறியப்படும். நிலத்தின் குணமோ ஆராய்ந்தே அறியப்படும். இரண்டனுள் ஒன்றைமட்டும் அறிந்தோர் மலைச்சரிவில் மனையமைக்கத் துணிதல் தகாது. இதுவே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.